கசிவு நடந்த இடம்

மிதுனாவுக்குப் பத்து வயது முடிய எழுபத்தோரு நாள் இருந்தபோது, கொழிஞ்சிப்பாளையத்துக்குப் பல்லு மெஷின் வந்தது.

அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தது. ஊர் அதைப் பல்லு மெஷின் என்றுதான் சொன்னது. வெள்ளை வேன் ஒன்றில் வந்து, அங்கன்வாடிக்கு எதிரே வேப்பமரத்து நிழலில் நின்றது. அதை இயக்கக் கூட வந்த நஸ்ரினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அங்கன்வாடி டீச்சர் சுகந்தியிடம் வந்து, வேனுக்குக் கரண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் என் பிள்ளையைப் பாருங்கள் என்றாள் சுகந்தி.

சுகந்தி அவசரக்காரி இல்லை. எழுபத்தோரு நாள் என்ற கணக்குதான் அவளை அப்படிப் பேச வைத்தது. மிதுனா அவளுடைய ஒரே மகள். காலையில் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு மத்தியானம் அவளிடம் இருக்காது. வாரத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பென்சில் பிடித்தால் விரல் நடுங்கும். அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே கதைதான் என்பதால், சுகந்தி பல வருஷங்கள் இதை நோய் என்றே நினைக்கவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று வாத்தியார்கள் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

நோய்க்குப் பெயர் ஈயம். ஊருக்குக் கிழக்கே முப்பது வருஷமாக ஒரு கம்பெனி இருக்கிறது. நாடெங்கும் செத்த பேட்டரிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து, உடைத்து, உருக்கி, ஈயக் கட்டியாக அனுப்புகிறது. ஊரில் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கேதான் வேலை. சுகந்தியின் புருஷன் பூபதியும் அந்தக் கம்பெனிக்குத்தான் டெம்போ ஓட்டினான்.

ஈயத்தை உடம்பிலிருந்து எடுக்க ஒரு வைத்தியம் வந்துவிட்டது. எலும்புச் சலவை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வாரம் படுக்க வேண்டும். எலும்பு வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் வயதில்தான் அது பலிக்கும். பத்து முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும், அதற்குமேல் தொடங்கிப் பிரயோசனம் இல்லை. ஆனால் கட்டில் எல்லோருக்கும் கிடையாது. அங்கேதான் நோய்ச்சுமைச் சட்டம் குறுக்கே வந்து நின்றது.

அந்தச் சட்டம் வந்த கதையும் சொல்ல வேண்டியதுதான். காற்றாலும் தண்ணீராலும் மண்ணாலும் ஜனங்கள் நோயில் விழுந்துகொண்டே இருந்தார்கள். கொழிஞ்சிப்பாளையம் மாதிரி ஊர்களில் விழுந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை. தலைநகரத்தில் பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியபோது ஒரே கூட்டத்தொடரில் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மூலம் உண்டு, அதைக் கண்டுபிடித்து நிரூபித்தால் அந்த மூலமே வைத்தியச் செலவை ஏற்க வேண்டும் என்றது சட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நிரூபிக்க முடியாதவர்கள் பொது வரிசையில் நிற்கலாம் என்று அடியில் ஒரு வரியும் இருந்தது. பொது வரிசை ஏழு வருஷ நீளம்.

நஸ்ரின் பொறுமையாக விளக்கினாள். பாற்பல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கும். நாளுக்கு ஒரு கோடு, மயிரிழையைவிட மெல்லியதாக, அதன்மேல் படிந்துகொண்டே போகும். அன்றைக்கு உடம்புக்குள் என்ன வந்ததோ அது அன்றைய கோட்டில் அப்படியே தங்கிவிடும். மெஷின் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும். எந்த நாள், எவ்வளவு ஈயம், எந்த உலையின் ஈயம் என்பது வரை சொல்லிவிடும். ஒவ்வொரு உலைக்கும் ஒரு கலவை உண்டு, அதை மறைக்க முடியாது. பல் யாருடையது என்றும் அதுவே கண்டுபிடித்துவிடும்.

"அப்ப எம்புள்ள பல்லு ஒண்ணப் புடுங்கிப் பாருங்க," என்றாள் சுகந்தி.

"பிடுங்கக் கூடாதுங்க. தானா விழுந்த பாற்பல்லைத்தான் சட்டம் ஒத்துக்கும். எடுத்து வச்சிருக்கீங்களா?"

யார் எடுத்து வைப்பார்கள்? மிதுனாவுக்கு முன்வரிசைப் பல்லெல்லாம் விழுந்து முளைத்து நாளாகிவிட்டது. விழுந்த பல்லைப் பத்திரப்படுத்தி வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? சட்டத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது ஆலை முதலாளிகளின் சங்கம் என்பதை நஸ்ரின் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பல் இருக்காது, கேஸும் இருக்காது என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

சுகந்தி தலையை நிமிர்த்தித் தன் வீட்டு ஓட்டைப் பார்த்தாள்.

கொழிஞ்சிப்பாளையத்தில் பல் விழுந்தால் யாரும் குப்பையில் போடுவதில்லை. சாணியில் பொதிந்து உருட்டிக் கூரைமேல் வீசிவிடுவார்கள். அப்போதுதான் அடுத்த பல் நேராக முளைக்குமாம். நகரத்தில் ஓடில்லாத தார்சு வீட்டில் இருக்கும் வக்கீல்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது? சாணி காய்ந்து ஓட்டு இடுக்கில் பிடித்துக்கொள்ளும். மழை அதை ஒன்றும் செய்யாது.

அன்று மத்தியானமே ஊர்ப் பெண்கள் ஏணி சாய்த்து ஏறினார்கள். நாட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். பிள்ளைகள் கீழே முறம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாணி உருண்டையை உடைத்தால் உள்ளே அரிசி மாதிரி பல். இருபத்திரண்டு வயது சவிதா, போன மாதம்தான் கல்யாணமானவள், உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே கட்டிக்கொண்டவள், புது மெட்டியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நான்கு கூரை ஏறி இறங்கினாள். சாயங்காலத்துக்குள் நூற்றுப் பதினெட்டுப் பல் சேர்ந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட முப்பத்தொரு பிள்ளைகளுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அன்றைக்கு ஊர் சிரித்த மாதிரி சுகந்தி அதற்குமுன் பார்த்ததில்லை.

மெஷின் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் நஸ்ரின் சுகந்தியை மட்டும் வேனுக்குள் கூப்பிட்டாள்.

திரையில் மிதுனாவின் பல் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அது பிறந்த நாள் கோடு என்றாள் நஸ்ரின். குழந்தை வெளியே வரும்போது உடம்பு படும் அதிர்ச்சி அப்படிப் பதியும். அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. வெளிப்பக்கம் வெளிறிய மஞ்சள்.

"சிவப்புதான் ஈயம். பாதிப்பு எல்லாமே பிறக்கறதுக்கு முன்னாடி. முப்பத்தோரு பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இருக்கு."

"பொறக்கறதுக்கு முன்னாலயா? வயித்துக்குள்ள இருக்கையில பொகை எப்படிங்க போச்சு?"

"புகை உங்களுக்குள்ளதான் போச்சு. நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ சிம்னிக்கு ஃபில்டரே கிடையாது. ஈயம் எலும்புக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், முப்பது நாப்பது வருஷம் அசையாது. ஆனா ஒரு பொண்ணு கர்ப்பமானா, குழந்தைக்கு எலும்பு கட்ட அம்மாவோட எலும்பு கரையும். அப்ப சுண்ணாம்போட சேர்ந்து இதுவும் போயிடும்."

சுகந்திக்கு நினைவு வந்தது. மிதுனா பிறப்பதற்கு முந்தைய வருஷம்தான் கம்பெனி ஃபில்டர் வைத்தது. பந்தல் போட்டு, நாதஸ்வரம் வாசித்து, ஊருக்கே லட்டு கொடுத்தார்கள். இருபது வருஷம் கக்கிய விஷம் அதற்குள் பெண்களின் எலும்பில் பத்திரமாக ஏறிவிட்டிருந்தது.

நஸ்ரின் அறிக்கையை நீட்டும்போது சுகந்தியின் கண்ணைப் பார்க்கவில்லை. அதில் ஒரே ஒரு கட்டம் தடித்த எழுத்தில் இருந்தது. மூலம் என்று தலைப்பு. எந்த இடத்திலிருந்து நஞ்சு உடம்புக்குள் நேராக வந்ததோ அதைத்தான் மூலம் என்கிறது சட்டம். அதற்கு முந்தைய படி அதற்குத் தேவையில்லை. மெஷின் அந்தக் கட்டத்தில் 'தாய்' என்று அச்சடித்திருந்தது.

சுகந்தி அந்த ஒற்றைச் சொல்லை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. ஒன்பது மாதம் வாந்தி எடுத்து, எதைச் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகும் என்று கேட்டுக் கேட்டுத் தின்று, அங்கன்வாடியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கி வளர்த்தவள் அவள். ஊரான் பிள்ளைகளுக்குக்கூடச் சத்துமாவு ஊட்டிவிடுகிறவள். அவள்தான் விஷம் வைத்தாளாம். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று கை பரபரத்தது. கிழித்தால் வேறு காகிதம் கிடையாது என்பதால் மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சேதி கம்பெனிக்குப் போக அரை நாள்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் தயாபரன் வந்தார். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. எப்போதும் சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. சுகந்தி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மிதுனாவின் தலையைத் தடவினார். அறிக்கையில் தாய்மார்கள் பெயர் வந்தது கம்பெனிக்கும் வருத்தம்தான் என்றார். சட்டப்படி கம்பெனிக்கு இதில் சம்பந்தமே இல்லை, ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். அறிக்கையை ஏற்றுக்கொள்கிறேன், என் பிள்ளையின் நோய்க்கு நானே மூலம் என்று தாய்மார்கள் எழுதிக் கொடுத்தால், கம்பெனியே முதல் கட்டமாக ஐந்து பிள்ளைகளுக்குச் சலவை செய்துவைக்கும். அந்த ஐந்தில் முதல் பெயர் மிதுனா.

"மத்த இருபத்தாறு புள்ளைங்க?" என்று சுகந்தி கேட்டாள்.

"அடுத்தடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்மா."

அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டதற்கு, இரண்டாவது உலைக்கு லைசென்ஸ் வரட்டும் என்றார். அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. புது உலைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் ஊரில் கம்பெனி பேரில் ஒரு நோய்கூட இருக்கக் கூடாது.

அவர் போனபின் பூபதி கதவைச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம், "போட்டுரு சுகந்தி. நம்ம புள்ள பொழைக்கோணும். ஊரு நம்மளத் திட்டுனாத் திட்டீட்டுப் போகுது," என்றான். அவன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? சுகந்திக்கும் அதேதான் தோன்றியது. நல்லவளாக இருந்து பிள்ளையைப் பறிகொடுப்பதைவிட, கெட்ட பெயரோடு பிள்ளையைக் காப்பாற்றுவது எந்தத் தாய்க்கும் சுலபம். ஐம்பத்தெட்டு நாள் மிச்சம் இருந்தபோது, கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவெடுத்துத்தான் கம்பெனி கேட்டுக்குப் போனாள்.

தயாபரன் மீட்டிங்கில் இருக்கிறார், காத்திருக்க வேண்டும் என்றான் காவலாளி. வெயிலில் நின்றாள். கேட்டுக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு மஞ்சள் போர்டு ஒன்று இருந்தது. அபாயக் கழிவு உள்ள எல்லா ஆலைகளும் வைத்தாக வேண்டிய போர்டு. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் பஸ் ஏறப் போவாள், ஒருநாளும் நின்று படித்ததில்லை. படிக்க இப்போது நேரம் இருந்தது. எத்தனை டன் கசடு, எத்தனை டன் சாம்பல் என்ற கணக்குகளுக்குக் கீழே சிவப்பில் ஒரு வாசகம் இருந்தது. 'இவ்வாலையில் உருவாகும் ஈயக் கழிவு எங்கு கிடந்தாலும் அதன் உரிமையாளர் இவ்வாலையே. அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.'

அந்த வாசகம் வந்த காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிட்டான் என்பவர் கம்பெனிக்கு வெளியே கொட்டிக் கிடந்த கசடை அள்ளித் தன் வாசல் பள்ளத்தை நிரப்பிவிட்டார். எங்கள் சொத்தைத் திருடிவிட்டான் என்று கம்பெனி போலீசுக்குப் போனது. மனுஷன் பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

சுகந்தி அதை மூன்றாம் முறை படித்தாள். எங்கு கிடந்தாலும். அவள் கையெழுத்துப் போடாமலே திரும்பி நடந்தாள். காவலாளி பின்னாலிருந்து கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

நஸ்ரின் வேனை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சுகந்தி மூச்சிரைக்க ஓடிப்போய், பெரியவர்களின் எலும்புக்குள் இருப்பது எந்த உலையின் ஈயம் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும், முழங்காலுக்குக் கீழே அரை மணி நேரம் ஒரு கருவியை வைத்தால் போதும், ஆனால் என்றைக்கு உள்ளே வந்தது என்று அது சொல்லாது, அதனால் நோய்ச்சுமைச் சட்டம் அதை ஒத்துக்கொள்ளாது என்றாள் நஸ்ரின்.

"அந்தச் சட்டத்த விடுங்க. கழிவுச் சட்டம்னு ஒண்ணு இருக்குதல்ல? அதுல தேதி வேணுமா?"

"தேதி எதுக்கு? யாரோட கழிவு, எங்க கிடக்குது, எவ்வளவு, அது போதும்." சொல்லிக்கொண்டே வந்த நஸ்ரின் பாதியில் நிறுத்தினாள். "அக்கா, நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"அவிய சரக்கு எங்கெலும்புக்குள்ள கெடக்குது. நாங்க கேட்டு வாங்கி வெக்கல. அவியளே போட்டது. போட்டவன் எடுக்கோணுமா வேண்டாமா? அது ஒழுகி எம்புள்ள மேல கொட்டிருச்சுன்னா அதுக்கு ஆரு பொறுப்பு?"

நஸ்ரின் வேனின் கதவைத் திரும்பத் திறந்தாள்.

இரண்டு வீட்டில் இரண்டிரண்டு பிள்ளைகள் என்பதால் இருபத்தொன்பது தாய்மார்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். முப்பதாவதாகச் சவிதா வந்தாள். உனக்குப் பிள்ளையே இல்லையே, உனக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நாளைக்குப் பிறக்கும் இல்லையா, பெயரைச் சேர்த்துக்கொள் என்று அவளை அழைத்து வந்ததே சுகந்திதான். முப்பது பேருடைய எலும்பிலும் ஒரே உலையின் ஈயம். ஒருத்தியிடமும் அது குறைவாக இல்லை.

கழிவுச் சட்டத்தின் விண்ணப்பம் மனுஷர்களுக்காக எழுதப்பட்டது அல்ல. குட்டைக்கும் குழிக்கும் பாழடைந்த கொட்டகைக்கும் எழுதியது. கழிவு கிடக்கும் கிடங்கின் பெயர் என்ற இடத்தில் சுகந்தி தன் பெயரை எழுதினாள். கிடங்கின் வயது முப்பத்திரண்டு. திறந்த நிலையா, மூடிய நிலையா என்று கேட்டிருந்ததற்கு மூடியது என்று எழுதினாள். அதுவரை கை ஓடியது. அடுத்த வரி, 'கசிவு நடந்த இடம்.' அங்கே மிதுனாவின் பெயரை எழுத வேண்டும். எழுதினால்தான் கசிவைச் சுத்தம் செய்யும் பொறுப்பு உரிமையாளருக்குப் போகும். பெயர் வைக்கும் நாளில் பச்சரிசி பரப்பி மோதிர விரலால் எழுதிய பெயர் அது. இப்போது அதே பெயரை ஒரு சாக்கடையின் பெயரைப் போல எழுத வைத்துவிட்டார்களே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே எழுதினாள், எழுத்துப் பிழை வராமல் எழுதினாள்.

மாசு வாரியத்தின் மாவட்டப் பொறியாளர் பெயர் மாசிலாமணி. இந்த வேலைக்கு அந்தப் பெயரோடு வந்து முப்பது வருஷமாகக் கேலியைப் பொறுத்துக்கொண்டவர். கெட்டவர் இல்லை, பயந்தவர். முப்பது விண்ணப்பத்தையும் பார்த்துவிட்டு, பொம்பளைங்க எப்படிம்மா கிடங்கு ஆக முடியும் என்றார். மூலம் ஆக முடியும் என்று உங்கள் அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறதே, மூலம் ஆனவள் கிடங்கு ஆகக் கூடாதா என்று சுகந்தி அறிக்கையை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதியைப் புரட்டினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் மறுக்க ஒரு வரி கிடைக்கவில்லை. கழிவின் உரிமையாளர் யார் என்பதற்குக் கிட்டான் மேல் கம்பெனி கொடுத்த புகாரே சாட்சியாக நின்றது.

விசாரணை ஆறு வாரம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சுகந்தி நாளை எண்ணிக்கொண்டே போனாள். மிதுனாவுக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தபோது உத்தரவு வந்தது. கசிவு நடந்த முப்பத்தொரு இடங்களையும் கம்பெனி தன் பொறுப்பில் சுத்தம் செய்ய வேண்டும். அன்றைக்கே ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பூபதி கூடப் போனான். கேஸ் போட்டதும் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதால் அவனுக்கு வேறு ஜோலி இல்லை.

உத்தரவின் கடைசிப் பக்கத்தை அன்று யாரும் படிக்கவில்லை. படித்திருந்தாலும் பஸ்ஸை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் மாசிலாமணி ஊருக்கு வந்தார். அங்கன்வாடியில் குட்டி நாற்காலியில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைக் காட்டினார். பதிவான கிடங்குகளிலிருந்து இனிமேல் கசிவு ஏற்படக் கூடாது. ஆகவே ஏழு நாளுக்குள் கிடங்குகளை நிரந்தரமாக மூடி முத்திரையிட வேண்டும், அல்லது கழிவை உரிமையாளரின் வளாகத்துக்கு மாற்ற வேண்டும். தவறினால் உத்தரவு ரத்தாகும்.

முத்திரையிடுவது என்றால் என்ன என்று சுகந்தி கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கர்ப்பமானாத்தான கசியும். அதனால... கருத்தடை ஆபரேஷன்மா. முப்பது பேருக்கும். இந்த வரியைக் கேட்டு வாங்கினது கம்பெனி வக்கீல். பயந்துபோய் நீங்களே வாபஸ் வாங்கிடுவீங்கன்னு நினைச்சாங்க."

சவிதா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. இந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவள் சுகந்திதான். வாபஸ் வாங்கினால் சவிதா தப்பிப்பாள், நான்கு நாளாகச் சலவையில் கிடக்கும் மிதுனாவின் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். வாங்காவிட்டால் சவிதாவின் வயிற்றை மூடுவார்கள். எழுதியவன் யோசித்துத்தான் எழுதியிருக்கிறான். பெண்களை ஒருத்திக்கொருத்தி மோதவிட்டுவிட்டால் தானாகக் கலைந்துபோவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, நான் வேணும்னா..." என்று சவிதா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு கண்ணு," என்றாள் சுகந்தி. பிறகு மாசிலாமணியிடம் திரும்பினாள். "அந்த ரெண்டாவதா சொன்னீங்களே, அத இன்னொருக்காப் படியுங்க."

அவர் படித்தார். கழிவை உரிமையாளரின் வளாகத்துக்கு மாற்ற வேண்டும்.

"எலும்புல இருந்து எடுத்தா?"

"பெரியவங்க எலும்புல இருந்து எடுக்க முடியாதும்மா. அது வெறும் பேருக்கு எழுதினது."

"எடுக்க முடியலீன்னா எலும்போட கொண்டுபோலாமுங்களா?"

மாசிலாமணி அவளையே பார்த்தார். பயந்த மனிதர்களுக்கும் வாழ்க்கையில் ஒருநாள் சலித்துப்போகும் போலிருக்கிறது. பையிலிருந்து, கழிவை ஒப்படைத்ததற்கு ரசீது எழுதும் ஒப்புகைப் புத்தகத்தை எடுத்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள், நானும் வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை முப்பது பெண்கள் பாய், தலையணை, தூக்குப்போசி, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றோடும் கம்பெனி கேட்டுக்கு வந்தார்கள். கோயில் நோன்புக்குப் போவதுபோல வரிசையாக வந்தார்கள். காவலாளி உத்தரவை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். உள்ளே ஓடினான். தயாபரன் வந்தார். முதல் தடவையாக அவர் சட்டை கசங்கியிருந்ததைச் சுகந்தி பார்த்தாள்.

"என்னம்மா இது, விளையாட்டா?" என்றார்.

"உங்க சரக்குங்க. உங்க காம்பவுண்டுல இருக்கோணும்னு உத்தரவு. எறக்கிக்குங்க."

அவர் வக்கீலுக்குப் போன் போட்டார். வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார். அந்த வரியைக் கேட்டு வாங்கியவரிடமே அதற்குப் பதில் இல்லை. கடைசியில் கேட் திறந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். எங்கே வைப்பது என்று தயாபரன் எரிச்சலோடு கேட்டதற்கு, மாசிலாமணி கழிவு விதியைப் பிரித்து நிதானமாக வாசித்தார். பதிவான ஈயக் கழிவு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மழை படக் கூடாது. வெப்பம் படக் கூடாது. அதன்மேல் மேற்கொண்டு ஈயப் புகை படியவே கூடாது.

வாசித்துவிட்டு அவர் சிம்னியை அண்ணாந்து பார்த்தார். ஃபில்டர் வைத்த பிறகும் அதிலிருந்து மெல்லிசாக வந்துகொண்டுதான் இருந்தது. வளாகத்தில் புகை படாத மூலை என்று ஒன்று கிடையாது. தன் குரல் அத்தனை தெளிவாக வரும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"கிடங்கு இங்க இருக்கிறவரைக்கும் உலை எரியக் கூடாது சார். இப்பவே அணைக்கணும்."

பதினோரு மணிக்கு உலையை அணைத்தார்கள். பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள் ஐயா, கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் ஐயா என்று முப்பது வருஷம் மனு மேல் மனு கொடுத்தும் அணையாத உலை. கழிவுக்குக் கெடுதல் என்று சொன்னதும் ஒரு மணி நேரத்தில் அணைந்தது.

சவிதா சுகந்தியின் தோளில் சாய்ந்து அழுதாள். மற்றவர்கள் கை தட்டினார்கள், யாரோ குலவை போட்டார்கள். சுகந்தி அலுவலக வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்து பூபதிக்குப் போன் செய்தாள். மிதுனாவுக்கு எட்டாம் நாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, இட்லி கேட்டாள் என்று அவன் சொன்னான். நல்லது என்று சொல்லி வைத்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சிம்னியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் வந்தது. மனுஷியாக வந்து கேட்டபோது யாரும் கதவைத் திறக்கவில்லையே என்ற கோபம், அது அன்றைக்கு அடங்கவே இல்லை.